எடுக்கப்போகும் பகுதி இப்போது என்ன வேலை செய்கிறது?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு வயது 28. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறான். ஒன்றரை வயதில் காய்ச்சலோடு நெடுநேரம் ஃபிட்ஸ் வந்தது. அப்புறம் பல வருடம் நன்றாக இருந்தவனுக்கு 14 வயதில் மறுபடி ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பான். அடுத்த நொடி கண் நிலைகுத்திவிடும், வாய் மெல்லுவது போல அசையும், வலது கை விறைக்கும். தெளிந்த பிறகும் சில நிமிடம் பேச்சு வராது. மாதத்துக்கு நான்கைந்து தடவை இப்படி. வருடத்தில் இரண்டு மூன்று தடவை உடம்பு முழுக்க வெட்டி விழுவான். நான்கு மருந்து மாற்றிப் பார்த்தாயிற்று. இப்போது மூளையின் இடது பக்கத்தில், காதை ஒட்டி உள்ளே இருக்கும் டெம்போரல் லோபின் முன்பகுதியையும், அதற்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். இப்படி எடுத்ததில் ஒருவருக்கு நினைவே போய்விட்டது என்று அப்பா எங்கோ படித்திருக்கிறார். பாதி மூளையை எடுத்த பிறகும் ஒரு சிறுமி ஓடி விளையாடுவதை நான் வீடியோவில் பார்த்தேன். "மூளையில கத்தி வெச்சா அப்புறம் அவன் நம்ம பிள்ளையாவே இருக்க மாட்டான்" என்று அம்மா அழுகிறார். எதை நம்புவது? - ஓர் அக்கா

பதில்: அப்பா படித்ததும் உண்மை, நீங்கள் பார்த்ததும் உண்மை. ஆனால் இரண்டுமே உங்கள் தம்பியின் கதை இல்லை. ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம். அதை டாக்டர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று. நான் நரம்பியல் மருத்துவர், அறுவை செய்பவன் இல்லை. இந்த அறுவையை யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கும் குழுவில் உட்காருகிறவன், செய்துகொண்டவர்களை அதன்பின் வருடக்கணக்கில் பார்க்கிறவன். உங்கள் தம்பியின் எம்.ஆர்.ஐ. படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் செய்யுங்கள், செய்யாதீர்கள் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

அப்பா படித்தது ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கரைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். உயிரோடு இருந்தவரை மருத்துவ நூல்கள் எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அவரைக் குறிப்பிட்டன. 2008-ல் 82 வயதில் இறந்த பிறகுதான் முழுப் பெயர் வெளியே வந்தது. அவருக்கும் மருந்துக்கு அடங்காத வலிப்பு. 1953-ல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் டெம்போரல் லோபின் உட்பகுதியை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு சேர்த்து எடுத்தார். இடது, வலது என்று இரண்டு பக்கமும். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஐந்து நிமிடம் முன்பு பேசிய ஆளிடம் மறுபடி புதிதாக அறிமுகமாவார். அதேசமயம் அவருடைய அறிவுத்திறன் குறையவில்லை, குணம் கெடவில்லை, சிறு வயது நினைவுகள் பெரும்பாலும் இருந்தன. கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கொடுத்தபோது நாளுக்கு நாள் கை தேறியது. முன்னால் பழகியது மட்டும் அவருக்கு நினைவில்லை. ஸ்கோவிலும் மில்னரும் 1957-ல் இதை எழுதிய பிறகு இரண்டு பக்கமும் எடுப்பது நின்றது. செய்யக்கூடாது என்று ஸ்கோவிலே எச்சரித்தார். உங்கள் தம்பிக்குப் பேசப்படுவது ஒரு பக்கம் மட்டும்.

ஒரு பக்கம் என்றால் ஆபத்தே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மில்னர் அதே காலத்தில், கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு அறுவை செய்த இருவரையும் சோதித்தார். இருவருக்கும் இடது பக்கத்தில் மட்டுமே எடுத்திருந்தார்கள். ஆனாலும் எச்.எம். போலவே புதிய நினைவு தங்கவில்லை. வலது பக்கத்தை யாரும் தொடவில்லையே, அது எப்படி? எதிர்ப்பக்க ஹிப்போகாம்பஸ் முன்பே பழுதாகியிருக்க வேண்டும் என்று பென்ஃபீல்டும் மில்னரும் ஊகித்தார்கள். அவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது, வலது ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது. அறுவைக்கு முன்பே அவர் ஒற்றை ஹிப்போகாம்பஸை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறார். அந்த ஒன்றைத்தான் எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் பார்த்த சிறுமிக்கு நேர்மாறான நிலைமை. பாதி மூளையை எடுப்பது, அல்லது எடுக்காமல் மறுபாதியோடு உள்ள தொடர்பை அறுத்துவிடுவது, பெரும்பாலும் குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. பிறவிக் கோளாறாலோ, ராஸ்முசென் மூளையழற்சி போன்ற நோயாலோ ஒரு பாதி முழுதும் கெட்டு, ஓயாமல் வலிப்பைக் கிளப்பிக்கொண்டிருக்கும் குழந்தைகள் அவர்கள். மொழி முதலான வேலைகள் மறுபாதிக்கு இடம் மாறத் தொடங்கியிருக்கும், அல்லது இளம் வயது என்பதால் இனி மாறிக்கொள்ளும். அப்படியும் ஒன்றும் இழக்காமல் வருவதில்லை. வீடியோவில் அது தெரியாது. எதிர்ப்பக்கக் கைவிரல்களால் நுணுக்கமான வேலை செய்ய முடியாது, இரண்டு கண்ணிலும் ஒரு பக்கத்துப் பார்வை இருக்காது. நடப்பார்கள், ஓடுவார்கள், பள்ளிக்குப் போவார்கள். 28 வயது மூளைக்கு அந்த அளவு வளைந்துகொடுக்கும் தன்மை இல்லை. ஆகவே அந்த வீடியோவை வைத்து உங்கள் தம்பிக்கு நம்பிக்கை சொல்ல வேண்டாம்.

மூன்று கதையிலும் ஊடே ஓடுவது ஒன்றுதான். மூளையில் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை வைத்துப் பலன் அமையவில்லை. எடுத்த பகுதி அந்த ஆளுக்கு அன்றைய தேதியில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, அதை ஏற்றுக்கொள்ள வேறு இடம் இருந்ததா என்பதை வைத்தே அமைந்தது. ஹிப்போகாம்பஸ் நினைவுக்கான உறுப்பு என்று புத்தகத்தில் இருக்கும். உங்கள் தம்பியின் இடது ஹிப்போகாம்பஸ் இப்போது அந்த வேலையைச் செய்கிறதா என்பது புத்தகத்தில் இருக்காது. அவரைச் சோதித்தால்தான் தெரியும்.

நீங்கள் எழுதிய விவரங்கள், சின்ன வயதில் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, இடையில் சும்மா இருந்த வருடங்கள், வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு, வாய் மெல்லுவது எல்லாம், ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாகிப்போன நோயாளிகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்பவை. தெளிந்த பிறகும் பேச்சு வராமல் இருப்பது, வலிப்பு மூளையின் மொழிப் பக்கத்தில் (பெரும்பாலோருக்கு இடது பக்கம்) எழுகிறது என்பதற்கு அறிகுறி. தழும்பான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்கள் பெருமளவு அழிந்திருக்கும். மிச்சமிருப்பவை தாறுமாறாக இணைந்து பொறியைக் கிளப்பும். அலுவலகத்தில் தன் வேலையையும் செய்யாமல் பக்கத்து மேசைக்காரரையும் வேலை செய்யவிடாத ஓர் ஆள் இருந்தால் எப்படியோ, அப்படி. அந்த ஆளை அனுப்பிவிட்டால் சிலருக்குச் சில திறன்கள் தேறுவதும் உண்டு, எதிர்ப்பக்கம் தொந்தரவில்லாமல் வேலை பார்க்க ஆரம்பிப்பதால்.

இதிலிருந்து கேட்பதற்கு விநோதமான ஒன்று வருகிறது. அறுவைக்கு முன் எடுக்கப்போகும் பக்கம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அறுவைக்குப் பின் இழப்பு அவ்வளவு அதிகம். எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகாம்பஸ் நன்றாகச் சுருங்கி, சொல் நினைவுச் சோதனையில் ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் எடுத்திருப்பவருக்கு மேலும் இழக்க அதிகம் இல்லை. படத்தில் ஒன்றும் தெரியாமல், நினைவுச் சோதனையில் நல்ல மதிப்பெண்ணும் எடுப்பவர் என்றால் நான் தயங்குவேன். "ரிப்போர்ட் நார்மல்" என்றால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அது கவலைப்படவேண்டிய செய்தி.

அதனால்தான் இத்தனை பரிசோதனைகள். மூளையின் மின்னலைகளையும் ஆளையும் சேர்த்தே பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி.யில் சில நாள் படுக்கவைத்து, வலிப்பு வரும்போதே பதிவு செய்து, எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். வலிப்பு நோய்க்கென்றே எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. வேண்டும், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகாம்பஸ் சுருக்கம் தப்பிவிடலாம். மொழி எந்தப் பக்கம் என்று அறிய, பேசவும் பெயர் சொல்லவும் வைத்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். முன்பு இதற்கு வாடா சோதனைதான். ஜுன் வாடா என்ற மருத்துவர் கொண்டுவந்தது. கழுத்துத் தமனி வழியாக மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் தூங்கவைத்து, மறுபாதி தனியாகப் பேசுகிறதா, நினைவில் வைக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது எல்லோருக்கும் செய்வதில்லை. கடைசியாக நரம்பு உளவியல் சோதனை. மணிக்கணக்கில் உட்காரவைத்துச் சொற்பட்டியல், கதை, படம் என்று கேட்பார்கள். சலிப்பாக இருக்கும். என்னைக் கேட்டால், உங்கள் தம்பி விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கவேண்டியது இந்தச் சோதனைதான். இதைச் செய்யாமல் தேதி குறித்திருந்தால், தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இனி, என்ன போகலாம் என்று பார்ப்போம். மொழிப் பக்கம் என்பதால் முனையிலிருந்து 3 முதல் 4.5 செ.மீ. வரைதான் வழக்கமாக எடுப்பார்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே பேச்சே போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. முதல் சில நாள் வீக்கத்தால் பேச்சு தடுமாறலாம், அது தேறும். தேறாமல் தங்கக்கூடியவை இரண்டு. ஒன்று, சொல் நினைவு. காதால் கேட்டதை, படித்ததை அரைமணி கழித்துச் சொல்லும் திறன். இடது பக்க அறுவைக்குப் பின் பத்தில் நான்கு பேர் வரை சோதனையில் இதில் தெளிவான சரிவு காட்டுகிறார்கள். மற்றொன்று, பெயர் வாய்க்கு வருவது. ஆளைத் தெரியும், பொருளைத் தெரியும், பெயர் மட்டும் நாக்கின் நுனியில் நிற்கும். மூன்றில் ஒருவருக்கு இது கூடுகிறது.

உங்கள் தம்பி வரலாற்று ஆசிரியர். அவருக்குப் பெயரும் வருடமும்தான் தொழிலே. இந்த இடத்தில் நான் அவசரப்பட மாட்டேன். ஒரு மரத் தச்சருக்கு, தோட்டக்காரருக்கு இதே சரிவு அன்றாடத்தில் தெரியாமலே போகலாம். வகுப்பில் நாற்பது மாணவர் முன்னால் ஒரு பெயருக்காகத் திணறுவது வேறு. ஏற்கெனவே கற்று ஊறிப்போன பாடம் போய்விடாது. பழைய அறிவு ஹிப்போகாம்பஸை மட்டும் நம்பி இருப்பதில்லை. புதிய மாணவர்களின் பெயர், நேற்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னது, இவைதான் சிரமம் தரும். நோட்டுப் புத்தகமும் கைபேசி நினைவூட்டலும் கைகொடுக்கும். அறுவைக்கு முன்பே அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்பவர்கள் பின்னால் குறைவாகத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். நினைவுச் சோதனையில் அவர் நல்ல மதிப்பெண் எடுத்தால், மெல்லிய லேசர் இழை வழியாக ஹிப்போகாம்பஸை மட்டும் சுட்டு அழிக்கும் முறை அவருக்கு ஆகுமா என்று கேளுங்கள். பெயர் மறப்பது அதில் குறைவு. ஆனால் வலிப்பு முழுதாக நிற்கும் வாய்ப்பும் திறந்து செய்யும் அறுவையைவிடச் சற்றுக் குறைவு.

பார்வையிலும் ஒரு மூலை குறையலாம். கண்ணிலிருந்து பின்னே போகும் நரம்பிழைகள் டெம்போரல் லோபின் வழியாக வளைந்து போகின்றன. இடது பக்கம் எடுத்தால் இரண்டு கண்ணிலும் வலது மேல் மூலை மங்கும். பலர் கவனிப்பதே இல்லை. வாகனம் ஓட்டும் உரிமத்துக்குத் தடையாகுமா என்பது எவ்வளவு மங்கியது என்பதைப் பொறுத்தது. பக்கவாதம் போன்ற பெரிய நிரந்தரச் சேதம் நூற்றில் ஒருவர் இருவருக்கு நேரலாம். உயிரிழப்பு அதைவிட மிகவும் அரிது.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். மூளையில் கத்தி வைத்தால் ஆளே மாறிவிடுவான் என்ற பயம் வானத்திலிருந்து விழுந்தது இல்லை. 1935-ல் எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகல் மருத்துவர் தொடங்கிவைத்த லோபாட்டமி, மனநோயாளிகளின் முன்மூளை இழைகளைத் துண்டித்தது. ஆயிரக்கணக்கானோர் உணர்ச்சி மழுங்கி, முனைப்பு அற்றுப்போனார்கள். 1949-ல் அதற்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள் என்பது மருத்துவத்துக்குத் தலைகுனிவு. அங்கே வெட்டியது வேலை செய்துகொண்டிருந்த பகுதியை. இடமும் வேறு, நெற்றிக்குப் பின்னால் உள்ள ஃப்ரான்டல் லோப்.

அந்த இடத்தைத் தொட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு பென்ஃபீல்டின் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1928-ல் அவர் தன் சொந்த அக்காவுக்கே அறுவை செய்தார். பெரிய கட்டி. வலது ஃப்ரான்டல் லோபின் பெரும்பகுதியை எடுக்கவேண்டியிருந்தது. அக்கா பிழைத்தார், அன்பாகப் பேசினார், பண்பில் குறை சொல்ல முடியாது. ஓராண்டுக்குமேல் ஆன பின் ஒருநாள் தம்பி பென்ஃபீல்டுக்கு விருந்து சமைக்கத் திட்டமிட்டார். தம்பி போய்ப் பார்த்தபோது பண்டங்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கின்றன, ஒன்றிரண்டு அடுப்பில் இருக்கின்றன, மீதி தொடங்கவே இல்லை, அக்கா குழம்பிப்போய் நிற்கிறார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவரால் சமைக்க முடியும். எது முதலில், எது அடுத்து என்று கோக்கத்தான் முடியவில்லை. உங்கள் தம்பிக்கு எடுக்கப்போவது இந்தப் பகுதி இல்லை. அவருடைய குணம், நகைச்சுவை, வீட்டார்மேல் உள்ள பாசம் இடது டெம்போரல் முனையோடு போய்விடுவதில்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் மனநிலை ஆடும். அதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம். முதல் சில மாதங்களில் காரணமில்லாத அழுகை, எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு பலருக்கு வருகிறது. முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம், இல்லாதவர்களுக்கும் வரும். "ஃபிட்ஸ் நின்னு போச்சே, இனி என்ன கவலை" என்று வீட்டார் தட்டிவிடுவதால் டாக்டரிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். சிகிச்சைக்கு நன்றாகவே கேட்கும், சொன்னால் போதும்.

வலிப்பு நின்றவர்களுக்கே வரும் ஒரு சிக்கலும் உண்டு. 14 வயதிலிருந்து யாரோ ஒருவர் கூடவே இருந்திருக்கிறார்கள். குளியலறைக் கதவைத் தாழிடாதே, தனியாக நீந்தாதே, இரவில் தாமதிக்காதே. திடீரென்று அது எதுவும் தேவையில்லை. அவருக்கும் இனி எதற்கும் நோயைக் காரணம் சொல்ல முடியாது. வேலை, திருமணம், தனி வீடு என்று எல்லோரும் ஒரே மூச்சில் எதிர்பார்ப்பார்கள். வீட்டில் இத்தனை வருடம் காவல் இருந்தவர்களுக்கும் கை சும்மா இருக்காது. அறுவைக்குப் பின் குடும்பங்களில் சண்டை வலுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் இதனால்தான். அக்காவாக நீங்களும் கொஞ்சம் விலகிக்கொள்ளப் பழக வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். அறுவை வேண்டாம் என்றால் இன்றைய நிலை அப்படியே நீடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2000-ல் வெளிவந்த கிளாஸ்கோ ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு அடங்கியது, இரண்டாவதில் மேலும் 13 சதவீதம், அதற்கு மேல் முயன்றதில் மொத்தப் பேரில் இன்னும் 4 சதவீதம்தான். ஐந்தாவது மருந்து முழுதாக நிறுத்திவிடும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்ட முடியாது. வருடங்கள் போகப்போக வலிப்பே நினைவாற்றலை அரிக்கலாம். உடம்பு முழுக்க வெட்டும் வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் ஆபத்தும் இருக்கிறது. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் அப்படிப் போகிறார்கள், அடங்காத வலிப்பில் இன்னும் அதிகம். 2001-ல் கனடாவில் 80 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் அறுவைக் குழுவில் 58 சதவீதம் பேருக்கு சுயநினைவு தப்பும் வலிப்பு இல்லை, மருந்துக் குழுவில் 8 சதவீதம். நீண்டகாலக் கணக்கு இவ்வளவு பளிச்சென்று இருக்காது. அறுவை செய்துகொண்ட 615 பேரைப் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வில், பத்து ஆண்டுக்குப் பின்னும் சுயநினைவு தப்பும் வலிப்பு தொடர்ந்து இல்லாமல் இருந்தவர்கள் 47 சதவீதம். மற்றவர்களில் பலருக்கு வலிப்பு குறைந்திருந்தது. நினைவை இழந்தும் வலிப்பு நிற்காமல் போவதுதான் மோசமான முடிவு. அது உங்கள் தம்பிக்கு எவ்வளவு சாத்தியம் என்று டாக்டரிடம் எண்ணாகவே கேளுங்கள்.

அறுவை நாளைப் பற்றிச் சுருக்கமாக. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது, வலிப்பது தோலும் தசையும்தான். நெற்றிப்பொட்டில் உள்ள தசையை விலக்குவதால் சில வாரம் வாய் திறந்து மெல்ல வலிக்கும். எடுத்த இடத்தில் மூளை மறுபடி வளராது, தண்டுவட நீர் வந்து நிரம்பிக்கொள்ளும். அசதிதான் பெரிய தொந்தரவு, வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முதல் வாரத்தில் ஒரு ஃபிட்ஸ் வந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம், வெட்டுப்பட்ட இடத்தின் எரிச்சலாலும் வரும். மாத்திரை உடனே நிற்காது. குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடரும், சிலருக்கு அதற்குப் பிறகும்.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன சொல்கிறார், அப்பா என்ன படித்தார், நீங்கள் என்ன பார்த்தீர்கள் எல்லாம் இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. 28 வயது ஆள், தினமும் வகுப்பெடுப்பவர். எந்த இழப்பை அவர் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். நரம்பு உளவியல் சோதனை முடிவு வந்ததும், அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், சோதனை செய்த உளவியலாளர் மூவரும் இருக்கும்போது அவரையே கேட்கவிடுங்கள்: என் இடது ஹிப்போகாம்பஸ் இப்போது எவ்வளவு வேலை செய்கிறது, வலது அதைத் தாங்குமா, எனக்குச் சொல் நினைவு குறைய எவ்வளவு வாய்ப்பு, வலிப்பு நிற்க எவ்வளவு வாய்ப்பு? பதில் திருப்தியாக இல்லை என்றால் வேறொரு வலிப்பு அறுவை மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் போதிய தூக்கம் இருக்கட்டும்.